முழங்காலளவு தண்ணீர்

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1997 நவம்பரில், உத்தமபாளையத்திலிருந்து சில மைல் தள்ளி இருக்கும் ஒரு கண்மாய்க் கரையில், வாத்து மேய்க்கும் ஓர் அம்மாளுக்குச் சொந்தமான முந்நூறு வாத்துகளைச் சைபீரியாவிலிருந்து பறந்து வந்த விருந்தாளிகள் என்று நான் அறிவித்தேன். மனதுக்குள் அறிவித்திருந்தால் பரவாயில்லை. கல்லூரி அறிவிப்புப் பலகையில், என் கையெழுத்தோடு, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு அறிவித்தேன்.

நான் ஒரு கல்லூரி நூலகன். புத்தகங்களுக்கு நடுவே பல வருடம் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு வியாதி வரும். உலகத்தில் உள்ளதெல்லாம் தனக்கு ஏற்கெனவே தெரியும், நேரில் போய்ச் சரிபார்ப்பதுதான் பாக்கி என்று தோன்றும். அந்த வருடம் நூலகத்துக்குப் பறவைகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று வந்தது. யாரும் எடுக்கவில்லை என்பதால் நானே எடுத்தேன். குளிர்காலத்தில் வடக்கே நீர்நிலைகள் உறைந்துபோகும்போது அங்குள்ள வாத்துகள் மலைகளைத் தாண்டி நம் குளங்களுக்கு வந்து சில மாதங்கள் தங்கிப் போகும் என்று அதில் இருந்தது. ஆண் வாத்து அழகு, பெண் வாத்து தவிட்டு நிறம் என்றும் இருந்தது.

தெரிந்தவரிடம் ஒரு பைனாகுலரை இரவல் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை மொபெட்டில் அந்தக் கண்மாய்க்குப் போனேன். கரைக்குக் கீழே அறுவடை முடிந்த வயலில் தவிட்டு நிறத்தில் முந்நூறு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. முந்நூறும் பெண். 'ஆண் பறவைகள் பின்னால் வரும் போலிருக்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதினேன். சத்தியமாக எழுதினேன், குறிப்பேடு இன்னும் இருக்கிறது.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகை. அடுத்த ஞாயிறு காலை ஏழெட்டுப் பேராசிரியர்கள், அதில் இரண்டு பேர் குடும்பத்தோடு, என் மனைவி புளியோதரைத் தூக்கோடு, எல்லோருமாகக் கண்மாய்க் கரையில் கூடினோம். நான் பைனாகுலரைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே, இமயமலைக்கு மேலே காற்று எவ்வளவு மெலிதாக இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வரப்புக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் எழுந்து வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் துணி கட்டிய நீளக் கம்பு. நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்தார். இமயமலையைத் தாண்டி வந்த முந்நூறும் அப்படியே திரும்பி, ஆடி ஆடி, அவர் பின்னால் வரிசையாக நடக்க ஆரம்பித்தன.

"யாரு நீங்கள்லாம்? எம் வாத்த எதுக்கு இம்புட்டு நேரமாக் கண்ணாடி வச்சுப் பாக்குறீக? களவாங்க வந்தீகளோ?" என்று கேட்டார்.

தமிழ்ப் பேராசிரியர் நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "இல்லம்மா, இதுக சைபீரியாவுல இருந்து வந்ததுன்னு இந்த சாரு சொன்னாரு" என்றார்.

"எங்கன இருந்து?"

"சைபீரியா."

அந்த அம்மாள் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தார். "எம் வாத்து சின்னமனூர்ல இருந்து வருது சாரே. அதுவும் பறந்து வரல, நடந்துதான் வருது. நடந்து வந்து பத்து நாளாகியும் அதுகளுக்கும் எனக்கும் காலு வீக்கம் வத்தல. நீங்க வேற!"

முதலில் சிரித்தது என் மனைவி. அதற்குப் பிறகு ஆறு மாதம் கல்லூரியில் நான் எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒரே கேள்விதான். "சார், நடந்து வந்தீகளா, பறந்து வந்தீகளா?"

அவமானத்தில் புத்தகத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். கல்லூரிச் சொத்து. மறுநாள் மாலை அதை எடுக்கப் போனபோது அந்த அம்மாள் தன் வாத்துப் பட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். பனி படாமலிருக்கப் புத்தகத்துக்கு உரச் சாக்கின் உள்பையை வெட்டி உறை வேறு போட்டிருந்தார். நூலகத்தில் இருபது வருடமாக நான் கெஞ்சியும் யாரும் செய்யாத காரியம்.

"இதுல இருக்கிறதுல எட்டு ஒம்பது இங்கன வருது சாரே," என்றார், நான் கேட்காமலே. விரலை வைத்துக் காட்டினார். "இது வரும். இது கூட்டமா வரும். இது தண்ணி வத்துற நேரத்துக்கு வரும்." பிறகு ஒரு பக்கத்தில் விரல் நின்றது. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புக் கோடு போட்ட பெரிய வாத்து. "இது ஒரே ஒரு வருசம் வந்துச்சு. நாலு. எம் வாத்தெல்லாம் பயந்துபோயி, பெரிய ஆபீசர் வந்த மாதிரி ஓரமா ஒதுங்கி நின்னுச்சுக."

"பார்த்தீங்களா? நேரில் பார்த்தீங்களா?"

"பின்ன, பொஸ்தகத்துலயா பாத்தேன்?"

அவர் கம்பம் பக்கத்துக்காரர். கட்டிக்கொடுத்தது கேரளாவில். வருடா வருடம் அறுவடை முடிகிற சமயம் வாத்துகளை ஓட்டிக்கொண்டு பள்ளத்தாக்கு நெடுக வயல் வயலாக மேய்த்துப் போவார். சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்கு, வாத்தின் எச்சம் வயலுக்கு. இந்தக் கண்மாயில் மூன்று வாரம் தங்குவார். ஏன் இங்கே மட்டும் மூன்று வாரம் என்று கேட்டதற்கு, "காலையில வெள்ளன வாங்க, காட்டுறேன்" என்றார்.

மறுநாள் விடியும் நேரத்துக்குப் போனேன். கண்மாயின் வடமேற்கு மூலைக்கு, ஓடைத் தண்ணீர் வந்து விழுகிற வரத்துக் கால்வாய்ப் பக்கம், கூட்டிப்போனார். அங்கே கண்மாய் என்று சொல்லவே முடியாது. முழங்கால் அளவு தண்ணீர். சேறு, கோரை, பாசி. பட்டுப்போன ஒரு கருவேல மரம். அந்தத் தண்ணீர் முழுக்கக் கூர் கூராக ஏதோ நட்டு வைத்ததுபோல் நின்றது. பைனாகுலரை வைத்துப் பார்த்தால் எல்லாம் வால். தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குக் காட்டி, ஊசிவால் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. கல்லூரி முதல்வர் சுற்றி வரும்போது மேசையில் குனிந்து வேலை செய்வதுபோல் நாங்கள் காட்டிக்கொள்வோமே, அச்சு அசல் அதே கோலம். ஒன்று நிமிர்ந்தது. சாக்லேட் நிறத் தலை, கழுத்தில் வெள்ளைக் கீற்று. அலகிலிருந்து தண்ணீர் சொட்ட அது என் பக்கம் பார்த்தது.

இத்தனை காலம் புத்தகத்தில் எத்தனையோ தேசங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தேசம் கிளம்பி என்னைப் பார்க்க வந்தது அன்றைக்குத்தான். திருவிழாவில் யானையைப் பார்த்த சிறுவனைப்போல வாயைத் திறந்துகொண்டு நின்றேன் என்று அந்த அம்மாள் பின்னால் சொன்னார்.

அடுத்த இரண்டு வருடமும் நவம்பர் பிறந்தால் எனக்குக் கல்லூரியில் கால் தரிக்காது. ஊசிவால் வரும், கிளுவை என்கிற சின்ன வாத்து வரும், அந்த அம்மாள் வருவார். மார்ச்சில் எல்லாம் போய்விடும். மிச்ச நாளெல்லாம் அந்த வெற்று மூலையைப் பார்த்து நான் ஏங்கிக்கொண்டிருப்பேன். ஏக்கத்தோடு மனிதன் நிறுத்திக்கொண்டால் நல்லது. எனக்குப் பேராசை வந்தது. கோடு போட்ட அந்தப் பெரிய வாத்து நாலு ஒரு வருடம் வந்தது என்றால், மறுபடி ஏன் வரவில்லை? தண்ணீர் போதவில்லை, அதனால்தான் என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்துப் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். கண்மாய் மேடேறிவிட்டது, தூர்வாரச் சொல்லி மனு எழுதித் தர வேண்டும் என்றார். இந்த வட்டாரத்தில் மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. என் மனுவைப் படித்துவிட்டு ஓர் அதிகாரி கண் கலங்கியதாக ஒரு வதந்தி உண்டு, அதைக் கிளப்பியதும் நான்தான். எழுதினேன். விவசாயிகளுக்காக நான்கு பத்தி. வாத்துகளுக்காகத் தனியே ஒரு பத்தி. 'வடமேற்கு மூலையையும் சேர்த்து முழுவதுமாக ஆழப்படுத்தினால் அயல்நாட்டுப் பறவைகள் பெருமளவில் வந்து தங்கும்.' அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்தேன், அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த வருடம் வந்தபோது அம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த மூலைய எதுக்கு சாரே தோண்டணும்? அதுக முங்கி எடுக்குற வாத்து இல்ல. கவுந்து மேயுற வாத்து. தலய விட்டா சேறு எட்டணும்."

"தண்ணீர் அதிகமானால் உணவும் அதிகமாகும். புத்தகத்திலேயே இருக்கிறது."

"எத்தன அடித் தண்ணின்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. ஆனால் இருபது வருட நூலகன் ஒரு வாத்துக்காரியிடம் அதை ஒப்புக்கொள்வானா? பொதுவாக எல்லா நீர்நிலைக்கும் பொருந்தும் என்று ஏதோ சொன்னேன். "சரிதேன்" என்றார். அந்த 'சரிதேன்' இன்னும் என் காதில் இருக்கிறது.

2000ஆம் வருடக் கோடையில் பொக்லைன் இறங்கியது. ஒரு மாதம் தோண்டினார்கள். மண் சூளைக்கும் தோப்புக்கும் போனது. கோரை போனது, சேறு போனது, கண்மாய் துலக்கி வைத்த அண்டா மாதிரி ஆனது. சங்கக் கூட்டத்தில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாகப் பாய்ந்தது. அப்படி ஒரு தண்ணீரை அந்தக் கண்மாயில் நான் பார்த்ததில்லை. மேகமலை அப்படியே தலைகீழாக அதில் தெரிந்தது.

நவம்பரில் ஒரு சாயங்காலம் வந்தன. நானும் அம்மாளும் கரையில் நின்றிருந்தோம். வடக்கேயிருந்து முதலில் கோடாக, பிறகு புள்ளி புள்ளியாக, பிறகு சிறகுச் சத்தம். மூலைக்கு மேலே தாழ்ந்து ஒரு சுற்று. கருவேல மரத்தைத் தேடியிருக்கும், மரத்தையும்தான் பிடுங்கியிருந்தார்களே. இன்னும் தாழ்ந்து இரண்டாவது சுற்று. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மூன்றாவது சுற்று. அப்புறம் மேலே எழும்பித் தெற்கே திரும்பிக் கோடாகி, இல்லாமல் போயின.

எத்தனையோ ஆயிரம் மைல் பறந்து வந்து, வழக்கமாகத் தங்குகிற வீட்டுக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பூட்டியவன் கையில் சாவியோடு கரையில் நின்றுகொண்டிருந்தான். பைனாகுலரும் வைத்திருந்தான்.

"நாளைக்கு வருமா?" என்று கேட்டேன்.

"எறங்காது சாரே." திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவருடைய வாத்துகளுக்கும் ஓரம் செங்குத்தாகிவிட்டது, ஏறி இறங்க இடமில்லை. இரண்டே நாளில் பட்டியைப் பிரித்துவிட்டார். போகும்போது சொன்னார்: "வருத்தப்படாதீக. வெள்ளம் வாரப்ப ஓடை வண்டல் கொண்டாந்து அந்த மூலையிலதான் போடும். ஒரு எட்டு ஒம்பது வருசம் யாரும் கைய வைக்காம இருந்தாப் போதும், தானா மேடேறிக்கிரும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்." பிறகு கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "சும்மா இருந்துக்கிருவீகளா?" என்றார். அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டார்.

அதற்கு அடுத்த வருடம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. அவர் பெயரையோ, கேரளாவில் எந்த ஊர் என்பதையோ நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. படித்தவர்களின் இலட்சணம்.

நான் சும்மா இருக்கப் பழகினேன். அது எவ்வளவு கஷ்டம் என்று சும்மா இருக்க முயன்றவர்களுக்குத் தெரியும். என்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அளந்து பார்ப்பது. வருடா வருடம் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த மறுநாள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மூலையில், மரம் இருந்த இடத்துக்கு நேராகப் பத்து எட்டு எடுத்து வைத்து உள்ளே இறங்குவேன். என் உடம்புதான் அளவுகோல். முதல் வருடம் நாலாவது எட்டிலேயே கழுத்து. எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் அளவை அதோடு முடிந்தது. பிறகு நெஞ்சு. மழை பொய்த்த வருடங்களில் அளவை இல்லை. ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு இடுப்பு. இடுப்பிலேயே இரண்டு வருடம் நின்றது. வண்டல் சேரவில்லையா அல்லது என் இடுப்புதான் கீழே இறங்கிவிட்டதா என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

ஈர வேட்டியோடு வீட்டுக்கு வரும்போதெல்லாம், "வீட்டுல குளிக்கத் தண்ணியில்லையா?" என்று கேட்பாள். "இந்த வருசம் எம்புட்டு?" என்றும் கேட்பாள். தொடையைத் தொட்டுக் காட்டினேன் ஒரு வருடம். அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடுதலாக வந்தது.

வானத்தில் போகிற கூட்டங்களை மட்டும் ஒவ்வொரு குளிர்காலமும் பார்த்தேன். மேலே உயரத்தில் போகும். ஒரு சுற்றுக்கூடச் சுற்றுவதில்லை. பழைய கூட்டத்தில் இந்தக் கண்மாயைத் தெரிந்த வாத்து எதுவும் இப்போது உயிரோடிருக்குமா, இருந்தாலும் குஞ்சுகளிடம் என்னவென்று சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பேன். ஊரை விட்டுப் போன நண்பனின் பழைய விலாசத்துக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல.

2009 கடைசியில் பத்து எட்டு உள்ளே போயும் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சேறு காலைப் பிடித்தது. கோரை ஆளுயரம். அந்தச் சேற்றில் நின்று வெட்கமில்லாமல் கொஞ்சம் அழுதேன்.

தை பிறந்ததும் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். ஒன்பது வருடத்தில் அவருக்கும் நரைத்திருந்தது. மனைவி காபி கொடுத்தாள்.

"சார், பழைய மாதிரியே ஒரு மனு எழுதித் தரணும். வடமேற்கு மூல பூராம் மேடாகிப் போச்சு. அத மொதல்ல அள்ளச் சொல்லி எழுதுங்க. நீங்க எழுதினாத்தான் வேல நடக்குது."

என் சட்டைப் பையில் பேனா இருந்தது. நான் எழுதினால் மூலை போகும். எழுத மாட்டேன் என்றால் வேறு யாராவது எழுதுவார்கள், அப்போதும் மூலை போகும். இன்னொரு ஒன்பது வருடம் நெஞ்சு, இடுப்பு, தொடை என்று இறங்கி அளக்க என்னிடம் உடம்பு இருக்குமா என்பது தெரியாது. அதனால் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அந்த மூலை எதற்காக இருந்தது, எந்த வரியால் போனது, அந்த வரியை எழுதியது யார், எல்லாவற்றையும்.

தலைவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப வாத்துக்காக வயக்காட்டக் காயப் போடச் சொல்றீகளா? கடைசித் தண்ணிக்கு நாங்க அலையிறது உங்களுக்குத் தெரியாது சார். ரெண்டு நாள் தண்ணி கூட இருந்தாக் கதிரு முத்திரும். ரெண்டு நாள்."

நியாயம். அதற்குப் பதிலாக எந்தப் புத்தகத்தையும் என்னால் காட்ட முடியவில்லை.  அப்போது சமையலறை நிலையில் நின்றிருந்த என் மனைவி பேசினாள். "அண்ணே, அந்த மூலையில இவுக மொழங்காலத் தவிர வேற என்னத்தக் கண்டாகன்னு எனக்குத் தெரியாது. ஆனாக்க ஒம்பது வருசமா இவுக வேற எதுக்கும் ஆசப்பட்டு நாம் பாக்கல. ஒரு தடவ நேருல போய்ப் பாத்துட்டு, அப்புறம் மாட்டேன்னு சொல்லுங்க."

மறுநாள் காலை தலைவரும் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மூலையில் இறங்கினோம். அவர் வாத்துக்காக இறங்கவில்லை, மரியாதைக்காக இறங்கினார். கோரைக்குள் கையை விட்டுச் சேற்றை அள்ளிப் பார்த்தார். விவசாயி அல்லவா, மண்ணைத் தொட்டதும் முகம் மாறியது.

"வண்டலு பூராம் இங்கனயே தங்கிருது," என்றார். பிறகு தூரத்தில் எதிர்க் கரையில் இருக்கும் மடையைப் பார்த்தார். "அதான் ரெண்டு மூணு வருசமா மடை அடைக்காம ஓடுதா? முன்னெல்லாம் வருசா வருசம் ஆள விட்டு மண் அள்ளுவோம். இந்தக் கோரைதான் தடுத்து வச்சிருக்கா?"

எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை தெரியும் என்று சொல்லவில்லை. "உங்களுக்குத்தான் தெரியும்" என்றேன். பதின்மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வாக்கியம்.

அவர் கைச் சேற்றைக் கழுவிக்கொண்டு, "மடைப் பக்கமும் கரை ஓரமும் ஆழமா எடுத்துக்கிருவோம். இத விட்ருவோம். சங்கத்துல சிரிப்பாக, நாம் பாத்துக்கிர்றேன்" என்றார். சிரித்தார்கள். வாத்துக்கு முழங்கால் தண்ணீர் வேண்டுமாம், வெந்நீர் வேண்டாமா என்று ஒருவர் கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள். ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை, மனுவை நான்தான் எழுத வேண்டும்.

எழுதினேன். இந்த முறை வாத்துகளுக்கென்று பத்தி இல்லை. ஒரே வரி. 'வடமேற்கு மூலையைத் தோண்ட வேண்டாம்.' இதுவரை எழுதியதில் உருப்படியான வரி இதுதான் என்று நினைக்கிறேன்.

கோடை விடுமுறையில் பொக்லைன் வந்தபோது எனக்கு நம்பிக்கை இல்லை. காகிதத்தில் இருப்பது வேறு, இயந்திரத்தின் கை போகிற திசை வேறு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் காய்ந்த மூலையில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் மதியம் ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"ஐயா, இது உங்க பட்டா எடமா?"

"இல்லை."

"பெறகு எதுக்கு வெயில்ல உக்காந்திருக்கீக?"

"இங்கே வாத்து வரும்."

அவர் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த தரையைப் பார்த்தார். "எப்ப வரும்?"

"நவம்பரில்."

அது மே மாதம். அவர் வண்டியிலிருந்து பிளாஸ்கை எடுத்துவந்தார். தன் டீயில் பாதியை மூடியில் ஊற்றி, நோயாளிக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தார். பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். மூலை தப்பியது.

2010 நவம்பர். கண்மாய் நிறைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம், பைனாகுலர் இல்லாமல், சும்மா கரையில் உட்கார்ந்திருந்தேன். வடக்கே ஒரு சின்னக் கோடு தெரிந்தது. வழக்கம்போல் மேலேயே போய்விடும் என்று குனிந்து செருப்பு மாட்டப் போனேன். சிறகுச் சத்தம் கேட்டது. தாழ்ந்துவிட்டிருந்தன. மூலைக்கு மேலே ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி அந்த முதுகுகளைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு வரிசையாக ஐந்தாறு.

கண்ணைத் திறந்தபோது ஏழு இருந்தன. கொஞ்ச நேரம் அசையாமல் மிதந்தன. பிறகு ஒன்று தலையைக் கவிழ்த்தது. கோரைக்கு நடுவில், அந்தி வெளிச்சத்தில், ஒரே ஒரு கூர்மையான வால்.

பழைய நூற்றுக்கணக்கு எங்கே, ஏழு எங்கே. கோடு போட்ட அந்தப் பெரிய வாத்து இன்றுவரை வரவில்லை, இனி வருமா என்றும் தெரியாது. ஆனால் அந்த ஏழையும் பார்த்தவுடன் என் மனம் தேடியது வாத்துக்கார அம்மாளைத்தான். சும்மா இருந்துவிட்டேன் அம்மா, முக்கால்வாசி சும்மா இருந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். எங்கே போய்ச் சொல்வது? எந்த வயலில், எந்த வரப்புக்குப் பின்னால் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. இன்றைக்கும் சாலையோர வயலில் தவிட்டு நிறத்தில் கூட்டமாக எதைப் பார்த்தாலும் மொபெட்டை நிறுத்துகிறேன். கம்பு ஊன்றி நிற்பவர் முகம் திரும்பும்வரை காத்திருக்கிறேன். நாம் நேசிக்கிற ஒன்று திரும்பி வந்து உட்கார, பல சமயம் நம்மிடம் அது கேட்பது கொஞ்சம் சேறும் கொஞ்சம் பொறுமையும்தான். அதைக் கொடுக்க எனக்குப் பதின்மூன்று வருடம் பிடித்தது.

அன்றைக்கு அவரிடம் சொல்ல முடியாததை மூச்சு வாங்க வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஏழு வாத்து வந்துவிட்டது, அதே மூலையில் இறங்கிவிட்டது என்றேன். அடுப்பைத் தணித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணும் லேசாகக் கலங்கியது போலத்தான் இருந்தது. பிறகு கேட்டாள்:

"நல்லாப் பாத்தீகளா? பறந்து வந்துச்சுகளா, நடந்து வந்துச்சுகளா?"